அத்தியாயம் 7: அமைப்புக் கோப்பிலிருந்து மைக்ரோகண்ட்ரோலருக்கு

முந்தைய அத்தியாயங்களில் கட்டிய சிறிய முட்டை இன்குபேட்டர் இப்போது ஓடுகிறது. ஓர் அர்டுயினோ நானோ பலகை, டிஎச்டி22 சென்சார், பல்பை ஏற்றி அணைக்க ஒரு ரிலே, முட்டைகளைத் திருப்ப ஒரு மோட்டார், காற்றைச் சுழலவிட ஒரு விசிறி, இவ்வளவுதான். ஆனால் 37.5 டிகிரி என்ற எண் நிரலுக்குள்ளேயே இருக்கிறது.

கோழி முட்டைக்கு முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீத ஈரப்பதம் போதும். கடைசி 3 நாள் அதை 65க்கு மேல் உயர்த்த வேண்டும்; முட்டையைத் திருப்புவதையும் நிறுத்த வேண்டும். காடை முட்டை 17, 18 நாளில் பொரிந்துவிடும். வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலைத் திறந்து, எண்ணைத் திருத்தி, மறுபடி பலகையில் ஏற்றுவது என்றால், முட்டைகளைப் பார்த்துக்கொள்பவர் நிரல் எழுதத் தெரிந்தவராகவும் இருந்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தை இந்த அத்தியாயத்தில் நீக்குகிறோம்.

செய்யப்போவது இது: கணினியில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு; அதில் தமிழில் அமைப்புகள். பைத்தான் நிரல் அதைப் படித்து, சரிபார்த்து, சீரியல் இணைப்பு வழியாகப் பலகைக்கு அனுப்பும். அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதிதான்: பலகை திருப்பிச் சொல்லாத வரை ஓர் அமைப்பு நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளக் கூடாது.

7.1 எது கோப்பில், எது நிரலில்?

அடிக்கடி மாறுவது, முட்டைகளைப் பார்த்துக்கொள்பவர் மாற்ற வேண்டியது, இவை கோப்புக்குப் போகட்டும். வெப்பநிலை, ஈரப்பதம், திருப்பும் இடைவெளி, எந்தப் பலகை இணைக்கப்பட்டிருக்கிறது என்பவை அந்த வகை.

உயிரைக் காக்கும் எல்லைகள் மட்டும் கோப்பில் இருக்கவே கூடாது. 40 டிகிரியில் நெடுநேரம் நின்றால் கருக்கள் சாகும். ஆகவே 39க்கு மேல் எந்த மதிப்பையும் ஏற்காதே என்ற கட்டளை பலகையின் நிரலில் உறைந்திருக்க வேண்டும். கோப்பில் யாரோ 37.5க்குப் பதில் 375 என்று அடித்துவிட்டாலும், கணினி நிரலில் பிழை இருந்தாலும், பலகை மறுக்கும். ரிலே ஒட்டிக்கொண்டால் பலகையாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு வெப்பம் ஏறினால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றைத் தனியாகப் பல்பின் சுற்றில் வையுங்கள்.

7.2 கோப்பின் வடிவம்

பைத்தானோடு கூடவே வரும் கான்ஃபிக்பார்சர், சதுர அடைப்புக்குறிக்குள் பகுதிப் பெயரும், அதன் கீழே பெயர் = மதிப்பு என்ற வரிகளும் கொண்ட கோப்பைப் படிக்கும். பெயர்கள் தமிழில் இருக்கலாம், இடைவெளியும் வரலாம். நம் கோப்பு இது:

[இணைப்பு]
தயாரிப்பாளர் எண் = 6790
பொருள் எண் = 29987
வேகம் = 9600
காத்திருப்பு நொடி = 1

[அடைகாப்பு]
# முதல் 18 நாள் ஈரப்பதம் 55, பிறகு 65
வெப்பநிலை = 37.5
ஈரப்பதம் = 55
# கடைசி 3 நாள் திருப்ப வேண்டாம், 0 என்று எழுதவும்
திருப்பும் இடைவெளி நிமிடம் = 120

குறிப்பு வரிகளைக் கவனியுங்கள். அவை தனி வரியாக நிற்கின்றன. மதிப்புக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதினால், பைத்தான் 3இல் அதுவும் மதிப்பின் பகுதியாகவே படிக்கப்படும். 55 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு வாக்கியமே ஒட்டிக்கொண்டு வரும். அதை எண்ணாக மாற்றும்போது நிரல் பிழை காட்டி நிற்கும். அலகு எழுதுவதும் அப்படித்தான். 37.5 டிகிரி என்று எழுதினால் அது எண் அல்ல. அதனால்தான் அலகைப் பெயரிலேயே வைத்தோம்: இடைவெளி நிமிடம், காத்திருப்பு நொடி.

7.3 கோப்பைப் படித்தல்

கான்ஃபிக்பார்சரிடம் கோப்பின் பெயரைக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் வழி ஒன்று உண்டு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது: அந்தப் பெயரில் கோப்பே இல்லாவிட்டால் அது பிழை காட்டாது, பேசாமல் இருந்துவிடும். பிறகு வேறெங்கோ, பகுதி இல்லை என்ற பிழை வரும். காரணத்தைத் தேடி அலைய வேண்டியதுதான். எனவே கோப்பை நாமே திறந்து, முழுவதையும் ஒரே எழுத்துச்சரமாகப் படித்து, அந்தச் சரத்தைக் கான்ஃபிக்பார்சரிடம் கொடுப்போம். கோப்பு இல்லையென்றால் திறக்கும் இடத்திலேயே தெரிந்துவிடும்.

இப்படி நாமே திறப்பதால் தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்களையும் இங்கேயே தீர்க்கலாம்.

முதலாவது, எழுத்துக் குறியீடு. விண்டோஸில் பைத்தான் தன் போக்கில் ஒரு கோப்பைத் திறந்தால், பெரும்பாலும் யுடிஎஃப்-8 அல்லாத குறியீட்டில் படித்துத் தமிழைக் குலைத்துவிடும். திறக்கும்போதே குறியீட்டைச் சொல்லுங்கள். வெறும் யுடிஎஃப்-8 என்று சொல்வதைவிட யுடிஎஃப்-8-சிக் என்று சொல்வது நல்லது. பழைய நோட்பேட், யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றை வைத்தது. அது முதல் சதுர அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்பதால், பகுதித் தலைப்பே இல்லை என்று கான்ஃபிக்பார்சர் மறுத்துவிடும். யுடிஎஃப்-8-சிக் அந்தக் குறி இருந்தால் நீக்கும், இல்லாவிட்டால் சும்மா விடும்.

இரண்டாவது, ஒரே எழுத்தின் இரண்டு வடிவங்கள். பொருள் என்பதில் உள்ள பொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம். பகரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்றாக நிற்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தானின் ஒப்பீட்டில் இரண்டும் வேறு. உங்கள் விசைப்பலகை ஒரு வகையாகவும், கோப்பைத் திருத்துபவரின் விசைப்பலகை இன்னொரு வகையாகவும் எழுதினால், கோப்பில் பொருள் எண் கண்ணெதிரே இருக்கும். நிரலோ அப்படி ஒன்று இல்லை என்று சாதிக்கும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பொருந்தும். படித்த சரத்தைக் கான்ஃபிக்பார்சரிடம் கொடுக்கும் முன், பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியைக் கொண்டு என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். நிரலுக்குள் தேடும் பெயர்களையும் அதே வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒரு வரி வேலைதான்.

7.4 மதிப்பைச் சரிபார்த்தல்

கான்ஃபிக்பார்சர் தரும் எல்லாமே எழுத்துச்சரங்கள். 55 என்பது ஐந்தும் ஐந்துமாகிய இரண்டு எழுத்துகள். எண்ணாக மாற்றுவது உங்கள் பொறுப்பு. முழு எண்ணாகவும் தசம எண்ணாகவும் எடுத்துத் தரும் முறைகள் அதிலேயே இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்துங்கள்.

இதில் ஒரு வசதி உண்டு. யாராவது வெப்பநிலை = ௩௭.௫ என்று தமிழ் எண்களில் எழுதினாலும் பைத்தான் அதை 37.5 என்றே சரியாகப் புரிந்துகொள்ளும். ஆனால் பலகையில் உள்ள சி நிரலுக்கு அது புரியாது. ஆகவே கோப்பில் இருந்த எழுத்தை அப்படியே கம்பியில் தள்ளிவிடாதீர்கள். எண்ணாக மாற்றி, சோதித்து, அந்த எண்ணிலிருந்து புதிதாகச் செய்தியை எழுதுங்கள்.

ஒவ்வொரு மதிப்புக்கும் மூன்று கேள்விகள்:

1. இருக்கிறதா? இல்லையென்றால் ஊகித்து ஓர் இயல்பு மதிப்பைப் போடாதீர்கள். வெப்பநிலை வரி விடுபட்டிருக்கிறது என்று தமிழில் சொல்லி நிறுத்துங்கள்.
2. எண்தானா? இல்லையென்றால் கோப்பில் இருந்ததை அப்படியே காட்டி, எந்தப் பெயருக்கு எதிரே இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.
3. எல்லைக்குள் இருக்கிறதா? வெப்பநிலை 35 முதல் 39 வரை, ஈரப்பதம் 30 முதல் 80 வரை, இடைவெளி 0 அல்லது 30 முதல் 480 நிமிடம் வரை என்று வைக்கலாம்.

எல்லா மதிப்புகளும் தேறிய பிறகே முதல் பைட்டை அனுப்ப வேண்டும். பாதியை அனுப்பிவிட்டு மீதியில் பிழை கண்டு நின்றால், பலகையில் புதிய வெப்பநிலையும் பழைய ஈரப்பதமும் கலந்து கிடக்கும்.

தசமத்தைக் கம்பியில் அனுப்பாமல், பத்தால் பெருக்கி முழு எண்ணாக அனுப்புவோம்: 37.5 என்பது 375. பெருக்கிய பின் புள்ளிக்குப் பிந்தியதை வெட்டாமல், அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றுங்கள். கணினி தசமங்களை இரும எண்களாக வைப்பதால் நுண்ணிய பிசகு வரும், 4.35ஐ 100ஆல் பெருக்கினால் பைத்தான் 434.99999999999994 என்கிறது. அதை வெட்டினால் 434 ஆகிவிடும்.

7.5 எந்தப் போர்ட்?

பலரும் அமைப்புக் கோப்பில் போர்ட்டின் பெயரை எழுதுவார்கள். விண்டோஸில் காம் 3 என்று இருந்த அதே பலகை, யுஎஸ்பி துளை மாறினால் காம் 7 ஆகலாம். லினக்ஸிலும் எது முதலில் செருகப்பட்டதோ அதைப் பொறுத்து எண் மாறும். போர்ட்டின் பெயர் நிலையானதல்ல; கருவியின் அடையாளம் நிலையானது.

ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் வெண்டர் ஐடி, ப்ராடக்ட் ஐடி என இரண்டு எண்களைத் தாங்கியிருக்கும். பைசீரியல் தொகுதியில் போர்ட்டுகளைப் பட்டியலிடும் வசதி, இவ்விரண்டையும் சாதாரண முழு எண்களாகத் தரும். கோப்பில் எழுதிய 6790, 29987 என்பவை, விலை மலிவான நானோ பலகைகள் பலவற்றில் இருக்கும் சிஎச்340 சில்லின் எண்கள். அசல் அர்டுயினோ ஊனோ என்றால் தயாரிப்பாளர் எண் 9025. சிபி2102 சில்லு என்றால் 4292, 60000. உங்கள் பலகையைச் செருகி, பட்டியலை அச்சிட்டுப் பார்த்து, எண்களைக் கோப்பில் எழுதுங்கள்.

நிரல் பட்டியல் முழுவதையும் பார்க்கட்டும். ஒன்றும் பொருந்தவில்லை என்றால், பலகை செருகப்படவில்லை என்று சொல்லி நிற்கட்டும். இரண்டு பொருந்தினாலும் நிற்கட்டும்; முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளக் கூடாது. சிஎச்340 பலகைகள் பெரும்பாலும் தனி வரிசை எண் இல்லாமல் வருவதால், ஒரே மாதிரி இரண்டு இருந்தால் எது எது என்று கணினிக்குத் தெரியாது. தவறான இன்குபேட்டருக்கு வாத்து முட்டையின் அமைப்பு போய்ச் சேர வேண்டாம்.

7.6 வேகம்

சீரியலில் ஒரு பைட் என்பது தொடக்க பிட், எட்டு பிட், நிறுத்த பிட் என மொத்தம் 10 பிட். 9600 பாட் ரேட்டில் நொடிக்கு 960 பைட் போகும். நம் செய்தி ஒவ்வொன்றும் சுமார் 10 பைட். 10 மில்லிநொடியில் போய்ச் சேர்ந்துவிடும். இதற்கு மேல் வேகம் நமக்குத் தேவையில்லை.

வேகம் கூடினால் நல்லதுதானே என்று 115200ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நானோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். அதைப் பிரித்து 115200ஐத் துல்லியமாக எடுக்க முடியாது; கிடைப்பது ஏறத்தாழ 117647, அதாவது 2.1 சதவீதம் கூடுதல். பெரும்பாலும் ஓடும், ஆனால் விளிம்பில் ஓடும். 9600க்குக் கிடைப்பது 9615, பிசகு 0.2 சதவீதம்கூட இல்லை.

கோப்பில் உள்ள வேகமும் பலகை நிரலில் உள்ள வேகமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மாறினால் வருவது குப்பை எழுத்துகள்தான்.

7.7 திறந்ததும் பேசாதீர்கள்

நானோ, ஊனோ பலகைகளில், கணினி போர்ட்டைத் திறந்ததும் டிடிஆர் என்ற கம்பி ஒரு சிறு மின்தேக்கி வழியாகப் பலகையை ரீசெட் செய்கிறது. அதன் பிறகு பூட்லோடர் சிறிது நேரம் புதிய நிரல் வருகிறதா என்று காத்திருக்கும். உங்கள் நிரல் ஓடத் தொடங்க ஒன்றிரண்டு நொடிகள் ஆகும். அதற்குள் அனுப்பியது எல்லாம் காற்றோடு போகும்.

இரண்டு நொடி தூங்கச் சொல்லி எழுதுவது வழக்கம். அதைவிட உறுதியான வழி, பலகையே தயார் என்று சொல்வது. பலகை தன் தொடக்கப் பகுதியை முடித்ததும் 0,0,140 என்ற வரியை (இதன் வடிவம் 7.8இல் வரும்) அனுப்பட்டும். அது வரும் வரை கணினி காத்திருக்கட்டும்; 5 நொடியில் வராவிட்டால் பிழை சொல்லட்டும்.

இதற்குப் பைசீரியலில் காத்திருப்பு நேரத்தைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரு வரி வரும்வரை முடிவில்லாமல் காத்திருக்கும். நிரல் உறைந்துபோனது போலத் தோன்றும். கொடுத்தால், நேரம் முடிந்ததும் அதுவரை வந்ததை மட்டும் தரும். அது வெறுமையாகவோ பாதி வரியாகவோ இருக்கலாம். வரி முடிவுக் குறி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை முழு வரியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ரீசெட் என்றால் பலகையின் நினைவகத்தில் இருந்த அமைப்புகளும் போய்விடும். மின்வெட்டு வந்தாலும் அப்படியே. எனவே ஏற்றுக்கொண்ட மதிப்பைப் பலகை தன் ஈப்ராமில் எழுதி வைத்து, தொடங்கும்போது அங்கிருந்து எடுக்க வேண்டும். நானோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லில் 1024 பைட் ஈப்ராம் உண்டு. ஒவ்வோர் இடமும் ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும். மதிப்பு மாறியிருந்தால் மட்டும் எழுதினால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

7.8 செய்தியின் வடிவம்

கோப்பு மனிதருக்கானது, அதனால் தமிழில் இருக்கிறது. கம்பியில் போவது சில்லுக்கானது. வெப்பநிலை என்ற சொல் யுடிஎஃப்-8இல் 27 பைட். அதற்குப் பதிலாக 1 என்று அனுப்பினால் ஒரே பைட். 2 கிலோபைட் நினைவகம் கொண்ட சில்லுக்கு இந்த வேறுபாடு பெரிது. எனவே 1 என்றால் வெப்பநிலை, 2 என்றால் ஈரப்பதம், 3 என்றால் திருப்பும் இடைவெளி.

ஒரு செய்தியில் மூன்று எண்கள்: கட்டளை, மதிப்பு, சரிபார்ப்புக் கூட்டல். முடிவில் வரி முடிவுக் குறி. 37.5 டிகிரிக்கான செய்தியை நாமே கட்டிப் பார்ப்போம். முதல் பகுதி 1,375. இதில் உள்ள ஐந்து எழுத்துகளின் ஆஸ்கி எண்கள் 49, 44, 51, 55, 53. கூட்டினால் 252. 256ஆல் வகுத்த மீதியும் 252தான். எனவே அனுப்ப வேண்டியது:

1,375,252

வழியில் ஒரே ஒரு பிட் புரண்டு, 7 என்பது 5 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகைக்குப் போய்ச் சேர்வது 1,355,252. பலகை தானே கூட்டிப் பார்க்கும்: 250. செய்தியில் இருப்பது 252. பொருந்தவில்லை, எனவே ஒதுக்கிவிடும். வெறும் கூட்டலுக்கு ஒரு குறை உண்டு; 375 என்பது 357 என்று இடம் மாறினால் கூட்டல் மாறாது. அதைப் பிடிக்கத்தான் எதிரொலி.

7.9 எதிரொலி

சரியான செய்தி வந்ததும் பலகை மூன்று வேலைகளை இந்த வரிசையில் செய்யும்: எல்லையைச் சோதிக்கும், ஈப்ராமில் எழுதும், ஈப்ராமிலிருந்து மறுபடி படித்து, அந்த மதிப்பைக் கொண்டு பதில் வரியைக் கட்டி அனுப்பும். வந்த வரியை அப்படியே திருப்பி அனுப்புவது உறுதிப்பாடு ஆகாது. சேமித்ததைப் படித்துச் சொல்வதே உறுதிப்பாடு.

கணினி தான் அனுப்பியதோடு பதிலை ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் அடுத்த செய்தி. ஒரு நொடியில் பதில் வராவிட்டாலோ, வந்தது வேறாக இருந்தாலோ மறுபடி அனுப்பும். மூன்று முறைக்குப் பிறகும் ஒத்துவராவிட்டால் நிறுத்தி, எந்த அமைப்பு போய்ச் சேரவில்லை என்று சொல்லும்.

குறுகிய யுஎஸ்பி கம்பியில் இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்கலாம். நம் இன்குபேட்டரிலேயே காரணம் இருக்கிறது. டிஎச்டி22 சென்சாரைப் படிக்கும்போது, அதன் நூலகங்கள் சில 4, 5 மில்லிநொடிக்கு இன்டர்ரப்ட்டுகளை அணைத்துவிடுகின்றன. 9600 வேகத்தில் அந்த நேரத்துக்குள் நாலைந்து எழுத்துகள் வந்துவிடும். சில்லின் வன்பொருளில் மூன்றுக்கு மேல் தங்க இடமில்லை. ஓர் எழுத்து சத்தமில்லாமல் காணாமல் போகும். கூட்டல் பொருந்தாது, பலகை ஒதுக்கும், கணினி மறுபடி அனுப்பும், இரண்டாம் முறை சேரும். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடந்ததாகத் தெரியாது.

பலகையின் பக்கம் இன்னொன்று: முதன்மைச் சுற்றில் நீண்ட டிலே வைக்காதீர்கள். வந்து சேரும் எழுத்துகளுக்கு நானோவில் 64 பைட் இடம்தான். 9600 வேகத்தில் அது 67 மில்லிநொடியில் நிரம்பும், மிஞ்சியது தொலைந்துபோகும். ஒவ்வொரு சுற்றிலும் வந்த எழுத்தை எடுத்துச் சேர்த்துக்கொண்டே போங்கள். வரி முடிவுக் குறி வந்ததும் அலசுங்கள். சேர்க்கும் இடம் 16 எழுத்துகளைத் தாண்டினால் அந்த வரியைக் கைவிடுங்கள்.

7.10 ஓடவில்லையா?

போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொன்னால், அர்டுயினோ ஐடிஇயின் சீரியல் மானிட்டர் திறந்திருக்கிறதா பாருங்கள். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் வைத்துக்கொள்ள முடியும்.

உபுண்டுவில் அனுமதி இல்லை என்றால், உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

உபுண்டு 22.04இல் சிஎச்340 பலகை செருகியதும் மறைந்துவிட்டால், பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருக்கும். பிரெய்ல் காட்சிக் கருவி பயன்படுத்தாதவர்கள் அதை நீக்கிவிடலாம்.

செருகியும் எந்தப் போர்ட்டும் தெரியவில்லை என்றால் முதலில் கம்பியை மாற்றுங்கள். சார்ஜ் செய்ய மட்டுமே பயன்படும் கம்பிகளில் டேட்டா இழைகளே இருக்காது.

பயிற்சி

1. 37.9 டிகிரிக்கான செய்தியைத் தாளில் கட்டுங்கள். கூட்டல் 256 வருவதால், கடைசி எண் 0 ஆக இருக்க வேண்டும்.
2. கோப்பில் வெப்பநிலையை 375 என்று மாற்றி ஓட்டுங்கள். கணினி மறுக்கிறதா? கணினியின் சோதனையை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பலகை மறுக்கிறதா?
3. செய்திகள் போய்க்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடுங்குங்கள். நிரல் உறைகிறதா, தமிழில் காரணம் சொல்லி நிற்கிறதா?

இந்த மூன்றையும் வெறும் இன்குபேட்டரில் செய்து பாருங்கள். மூன்றும் தேறிய பிறகு முட்டைகளை வையுங்கள்.